நூறு எண்ணுதல்

சிகப்பி, 51, பெண் என்று
கண்ணாடித் தகட்டில் எழுதும்போது
முதல் தடவை சிரித்துவிட்டேன்.
நான் எண்ண வேண்டியது வெள்ளை.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி எங்கள் லேப்.
காலை ஆறுக்கே சர்க்கரைக்காரர்கள்
வெறும் வயிற்றோடு, காப்பி ஏக்கத்தோடு நிற்பார்கள்.
இவர் கடைசியாக வருவார்.
முகக்கவசம், மொட்டைத்தலையில் சுங்கடித் துணி.
கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவு.
"எண்ணித்தானே ரோஸ்லின் நானும் சம்பளம் வாங்குறேன்"
என்று கையை நீட்டுவார்.
ஊசிக்கு இடம் தேடி நரம்பைத் தட்டுவேன்.

சாயம் ஊற்றி, கழுவி, காயவைத்து,
ஒரு சொட்டு எண்ணெய்.
நூறு வெள்ளணு எண்ண வேண்டும் என்பது விதி.
மூன்று கண்ணி கோத்த கரு நியூட்ரோபில்.
ஆரஞ்சு ரவை தூவியது ஈசினோபில்.
அவரை விதையாய் மடிந்தது மோனோசைட்.
உடம்பெல்லாம் கருவாகி
ஓரத்தில் நூலளவு நீலம் விட்டது லிம்போசைட்.

அந்தக் கடைசிக் கூட்டத்துக்குள் யார் யார்
என்று என் லென்ஸுக்குத் தெரியாது.
வைரஸ் குடியேறிய செல்லைத் தொட்டுப் பார்த்துத் துளைப்பவன்,
ஆன்டிபாடி வடிப்பவன்,
அடையாளச் சீட்டைக் காட்டாதவனை
காட்டாத குற்றத்துக்கே முடிப்பவன்,
எல்லாரும் ஒரே ஊதா.
ஊதாவும் அவர்களுடையதல்ல, நான் ஊற்றியது.
காய்ச்சலோ புற்றோ, கேள்வி ஒன்றுதான்:
உள்ளே என்ன சமைக்கிறாய்,
வாசலில் கொண்டுவந்து காட்டு.

கேட்பவர்களில் ஒருவனுக்கே கிறுக்குப் பிடித்ததுதான்
சிகப்பியின் கழுத்தில்
நெல்லிக்காயாய்த் திரண்டது.
லிம்போமா என்று மதுரையில் பேர் வைத்தார்கள்.
கிறுக்கனுக்கு ஏற்றிய மருந்து
மற்றவனிடம் பேர் கேட்கவில்லை.

நாலாவது ஊசிக்குப் பிறகு
தகட்டின் தலையிலிருந்து வால்வரை ஓட்டினேன்.
சிவப்பு, சிவப்பு,
சித்திரை மாதத்துச் செம்மண் பொட்டல்.
நாற்பத்தொன்றில் தகடு தீர்ந்தது.
இன்னொன்று இழுத்தேன், முப்பத்தெட்டு.
மூன்றாவதில்தான் நூறு தேறியது.
அதில் லிம்போசைட் ஆறு.

அடுத்த வாரம் விலாவைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.
முதுகிலிருந்து தொப்புள்வரை
வலப்பக்கம் மட்டும் கொப்புளப் பட்டை.
அக்கி.

மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டதாம்.
வேப்பிலைப் படுக்கை, மூன்று தண்ணீர்,
மீனாட்சிபுரத்து மாரிக்குத் தக்காளி.
ஆத்தா இறங்கிப் போயிட்டா என்றார்களாம்.
ஆத்தா போயிருப்பாள்.
வைரஸ் போகவில்லை.
முதுகெலும்போரம் ஒரு நரம்பு முடிச்சில்
நாற்பத்துமூன்று வருஷம் படுத்துக் கிடந்தது.
கல்யாணம், பிரசவம், பதவி உயர்வு,
அத்தனை நாளும்
அதன் கதவருகே யாரோ நின்றிருக்கிறார்கள்.
இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
இல்லாமல் போன இரவில்தான்
இருந்தது தெரிந்தது.

கொழுந்தனார் காரில் ஏற்றி
வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போனாராம்,
காவி குழைத்துச் சிங்கம் எழுத.
"ஐயோ, புண்ணில் மண் படக்கூடாது" என்றேன்.
"தெரியும்டி. இடப்பக்கம் எழுதச் சொன்னேன்.
வால்தான் கொஞ்சம் நீளமாப் போச்சு."
ஐந்து வேளை மாத்திரையும் தவறவில்லை.

இன்று முதல் தகட்டிலேயே கூட்டம்.
எலும்புக்குள்ளிருந்து அவசரமாய் அனுப்பப்பட்ட இளசுகள்,
கரு இன்னும் கண்ணி விழாதவை.
எழுபத்துமூன்றாவதில் கை நின்றது.
பெரிய லிம்போசைட்.
நீலம் பொங்கிப் பரவி,
பக்கத்துச் சிவப்பணுவை வளைத்து ஒட்டிக்கொண்டு.
அக்கியை விரட்ட வந்தவன் இப்படித்தான் இருப்பான்.
கழுத்தில் திரண்டவனும்
சில சமயம் இப்படி இருப்பான்.

டாக்டர் பார்க்கட்டும் என்று
மார்க்கரால் வட்டம் போட்டேன்.
வெளியே பெஞ்சில் அவர்
யாருக்கோ வட்டி விகிதம் விளக்குகிறார்.
கீழே ஜெராக்ஸ் இயந்திரம்
ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது.

இன்னும் இருபத்தேழு.